அறுபத்திரண்டாவது போன்

2006 ஜூன் 5, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கொச்சங்காடி முக்கில் முழங்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஆபீஸ் போனேன். கீழே சுக்கு கோடவுன், மாடியில் நாங்கள். மழை நாளில் சுக்கு நெடி இரட்டிப்பு. பதினோரு மணிக்குள் ஒன்பது தும்மல்.

புதுப் பையன் சேர்ந்தான். வைத்தியநாதன், திருப்பூணித்துறை. இருபத்து நாலு வயது. இஞ்சினியரிங். நல்ல குடை. தமிழ் வீடு என்பதால் முதலாளி சார் நேராக என் மேஜைக்குக் கூட்டி வந்தார். "ராணிக்கொரு கூட்டாயல்லோ" என்றார். கூட்டாம், துணையாம். அவன் பேசுவது அக்ரஹாரத் தமிழ், நான் பேசுவது மட்டாஞ்சேரி கார்ப்பரேஷன் ஊழியர் லைன் வீட்டுத் தமிழ். நடுவில் ஒரு காயலே கிடக்கிறது. மலையாளத்தில் பேசிக்கொண்டால்தான் இரண்டு பேருக்கும் சமம்.

முதல் நாளே 'ராணிக்கா' என்று கூப்பிடுகிறான். யார் அனுமதி கொடுத்தது என்று தெரியவில்லை.

ஒன்று விசாரித்து வைத்துக்கொண்டேன். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும், அம்மா வாரப் பத்திரிகை வைத்துச் சொல்லிக் கொடுத்தது. தங்கை சிந்து பிறந்து பள்ளிக்குப் போகும் சமயத்தில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது, ஆகவே அவளுக்கும் தெரியாது. இந்த நோட்டு மேஜை மேலேயே கிடக்கலாம்.

வாங்க வேண்டியது: பேனா ரீஃபில், அப்பாவுக்கு முழங்கால் தைலம்.

ஜூன் 7, புதன்

மழை கொஞ்சம் விட்டது.

வைத்தி (இனி வை.) என் டேபிளை, போன் அளவுப் பட்டியலை, பார்க்க வேண்டும் என்றான். காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன், மறைப்பானேன்.

துபாய் கஸ்டமருக்கு நாங்கள் செய்வது மொபைல் காலண்டர். மாதம் முழுக்க ஒரே திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். மலையாள மாதம், நட்சத்திரம், தொழுகைக்குப் பாங்கு நேரம், லீவு எல்லாம் உண்டு. ஆனால் ஒரு போன் திரை அகலமாக இருக்கும், இன்னொன்று தீப்பெட்டி மாதிரி இருக்கும். அளவு தெரியாமல் கட்டம் போட்டால் சனிக்கிழமை வெளியே போய்விடும். ஆகவே எந்தப் போனுக்கு எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம் என்று நான் இரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். கம்பெனிக்கு டெஸ்ட் செய்யச் சொந்தமாக இருப்பது இரண்டே போன். மற்றதெல்லாம் ஊரார் போன்.

ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். ப்ளூடூத்தில் யார் போனுக்காவது அனுப்பினால், திரை ஓரத்தில் நாலு பக்கமும் சிவப்புக் கோடு வரையும், நடுவில் இரண்டு எண் காட்டும். நாலு கோடும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் போன் நோட்டில் ஏற்றுவேன்.

சேர்த்த இடங்கள்:
பார்பர் ஷாப், அப்பா முடி வெட்டிக்கொண்டபோது – 2
போட் ஜெட்டி – 9
அஷ்ரஃபிக்காவின் போன் ரிப்பேர் கடைக்கு வந்தவை – 17
ஆபீஸ் – 2
கல்யாணங்கள் – 31

கல்யாணம்தான் நல்ல இடம். லீவுக்கு வந்த கல்ஃப்காரர்கள் பிரியாணி சாப்பிடும்போது போனை மேஜை மேல் எடுத்து வைப்பார்கள். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். அழைக்காத கல்யாணத்துக்கும் இரண்டு முறை போயிருக்கிறேன்.

அறுபத்தொன்று போன். ஏப்ரலில் சார் சொன்னார், போன்களைத் தெரிந்த ஆள்தான் துபாய் போய்க் கஸ்டமர் இடத்தில் மூன்று வாரம் இருந்து போட்டுக் கொடுக்க வேண்டும் என்று. பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மே மாதம் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன்.

வை. போன் நோட்டை முழுக்கப் புரட்டினான். "இது எல்லாம் நீங்க ஒருத்தியா நடந்து சேத்ததா? கஷ்டம் கேட்டேளா" என்றான். எது கஷ்டம் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 9, வெள்ளி

எது கஷ்டம் என்று இன்று தெரிந்தது.

வை. காலண்டர் புரோகிராமிலிருந்து என் டேபிளை எடுத்துவிட்டான். அறுபத்தொரு வரி போயிற்று. அதற்குப் பதில் இரண்டு வரி. புரோகிராம் ஆரம்பிக்கும்போது போனிடமே கேட்கிறது, உன் அகலம் என்ன, உயரம் என்ன. போன் சொல்கிறது. அதை வைத்துக் கட்டம் போட்டுக்கொள்கிறது. ஒரே புரோகிராம் எல்லாப் போனுக்கும்.

கேட்கத் தெரியாமல் நான் டேபிள் போடவில்லை. என் சிவப்புக் கோடு புரோகிராமும் கேட்கத்தானே செய்கிறது. கேட்டால் உண்மை சொல்லாத போன்கள் உண்டு, அதனால்தான் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதினேன். இதைச் சாரிடம் சொன்னேன். பழைய போன் அப்படி இருந்திருக்கலாம், இப்போது வருவதெல்லாம் நன்றாகச் சொல்லும் என்றார். இரண்டு ஆபீஸ் போனிலும் போட்டுக் காட்டினான். கம்ப்யூட்டரில் ஓடும் பொம்மை போனிலும் காட்டினான். எல்லாம் கச்சிதம். சார் கை தட்டினார். இரண்டு வருடத்தில் எனக்கு ஒரு தடவையும் தட்டியதில்லை.

படம் வரைகிற ஷீபா துள்ளுகிறாள். முன்பு ஒவ்வொரு அளவுக்கும் எழுத்துப் படங்கள் தனித்தனியாக வரைய வேண்டும், இனி மூன்று செட் போதுமாம். அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தாள். பழம்பொரியும், நேந்திரம்பழ பஜ்ஜி. நான் அவள் தம்பி கல்யாணத்துக்குப் பூக்கட்டிக் கொடுத்தவள்.

பொறாமை என்று எழுதிவிடுகிறேன். சுற்றி வளைப்பானேன்.

ஜூன் 10, சனி

அரை நாள். வீடு. துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை.

அப்பா கார்ப்பரேஷன் ரிட்டயர்மென்டுக்குப் பிறகு செய்கிற ஒரே வேலை என்னைப் பற்றிப் பேசுவது. லைனில் இருபத்து மூன்று வீடு. இருபத்து மூன்று வீட்டுக்கும் என் துபாய் தெரியும். முனையில் தண்ணீர் பிடிக்கப் போனால், என்ன ராணி, ப்ளேன் என்னைக்கு என்கிறார்கள். மாரியம்மக்கா ஒரு பவுடர் டப்பா கொண்டு வரச் சொல்லிப் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அப்பா வாழ்நாள் முழுக்க இந்த ஊர்ச் சாக்கடையைத் தள்ளினவர். அவருக்கு இந்த ஒரு பெருமை. அது என் கையிலிருந்து நழுவுகிற மாதிரி இருக்கிறது, சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜூன் 12, திங்கள்

வை.யிடம் இருப்பவை, என்னிடம் இல்லாதவை:

சொந்தக் கம்ப்யூட்டர், வீட்டில்
யோசிக்காமல் இங்கிலீஷில் மெயில் எழுதுவது
தப்பு செய்தால் சிரித்துக்கொண்டே 'என் தப்பு' என்பது
அப்பா பாங்க் வேலையில் (அவன் அப்பா)
மதியம் டப்பாவில் தயிர்சாதம், தனி டப்பாவில் நேந்திரங்காய் உப்பேரி
எல்லாரையும் பிடித்துப்போகிற குணம்

கடைசி ஒன்றுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம். இன்று காலை என் கீபோர்டில் சாயா கொட்டிவிட்டது, கவிழ்த்துத் துடைத்து, ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி மாட்டிக் கொடுத்தான். அரை மணி நேரம். நன்றி சொன்னேன். வாயில் கசந்தது.

ஜூன் 15, வியாழன்

சார் மீட்டிங். கஸ்டமர் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். இருபத்தொன்றாம் தேதி இங்கே ஒத்திகை டெமோ. அது முடிந்ததும் யார் என்று சொல்வாராம்.

'யார் என்று' சொல்வாராம். ஏப்ரலில் இந்தக் கேள்வியே கிடையாது.

வை. என் பக்கம் திரும்பி, ராணிக்காதானே போறது என்று சாதாரணமாகச் சொன்னான். சார் ஃபேனைப் பார்த்தார்.

ஜூன் 18, ஞாயிறு

தோப்பும்படியில் கல்யாணம். சித்தப்பா பெண். நல்ல மழை, பந்தலில் ஒழுக்கு. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

சிவப்புக் கோடு புரோகிராம் இனி யாருக்கும் வேண்டாம்தான். இருந்தாலும் கை சும்மா இருக்காது. பக்கத்துத் தெரு சுப்பையா அண்ணன் துபாயிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார். வெள்ளி நிற மடக்கு போன். என்னிடம் இல்லாத மாடல். அங்கே அவர் தங்கும் லேபர் காம்பில் பாதிப் பேரிடம் இதே போன்தானாம், அங்கே மலிவாம். கொடுங்க அண்ணே என்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் 128, 160 என்று காட்டியது. சரி என்று எழுதப் போனேன். கீழே மெனு பட்டை வந்ததும் எண் மாறியது. 128, 144. கீழ்ப்பக்கச் சிவப்புக் கோடும் அப்போதுதான் மேலே ஏறியது.

சாப்பிட்ட கையோடு மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதேதான். இந்தப் போன் முதலில் கேட்டால் முழுத் திரையையும் சொல்கிறது. மெனு பட்டைக்கு இடம் விட்ட பிறகு கேட்டால்தான் நமக்குக் கிடைக்கும் உண்மையான அளவைச் சொல்கிறது.

வை.யின் இரண்டு வரி எப்போது கேட்கிறது? ஆரம்பத்தில். எல்லாவற்றுக்கும் முன்னால்.

பாயசம் இரண்டு டம்ளர் குடித்தேன். அம்மா என்ன சிரிப்பு என்று கேட்டாள்.

ஜூன் 19, திங்கள்

வை. டிக்கெட் வேலையாக எர்ணாகுளம் போயிருந்தான், சார் அனுப்பினார். இன்னும் முடிவாகவில்லை, ஆனால் டிக்கெட் விசாரிக்க அவன். சரி.

அவன் எழுதியதை என் மெஷினில் காப்பி எடுத்துப் படித்தேன். நினைத்தது சரி. கட்டத்துக்கு எப்போதும் ஆறு வரிசை ஒதுக்குகிறான். 160 என்று நம்பி ஆறு வரிசை போட்டால், ஆறாவது வரிசை மெனு பட்டைக்கு அடியில் போய்விடும்.

இந்த ஜூன் மாதத்துக்கு ஐந்து வரிசை போதும். ஆறாவது காலி. மறைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஜூலை ஒன்று சனிக்கிழமை. ஜூலைக்கு ஆறு வரிசை வேண்டும். முப்பதும் முப்பத்தொன்றும் அந்த வரிசையில்.

ஜூலை பிறந்த அன்று காலண்டர் தானாக ஜூலையைத் திறக்கும். சுப்பையா அண்ணன் காம்பில் பாதிப் பேருக்கு மாதம் இருபத்தொன்பதோடு முடிந்துவிடும்.

கேட்கிற இடத்தை மாற்றினேன். போன் 'என் அளவு மாறியது' என்று தானாகச் சொல்கிற ஒரு இடம் உண்டு, அங்கே மறுபடி கேட்டுக் கட்டத்தை மறுபடி போட வேண்டும். ஆறு வரி. முக்கால் மணி நேரம். சேவ் செய்து என் ஃபோல்டரில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. டெமோவில் எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்று.

ஜூன் 20, செவ்வாய்

சாயங்காலம் சுப்பையா அண்ணன் வீடு. பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைக்கிற மாதிரி அண்ணி சாயாவும் மிக்சரும் வைத்தாள். முதலில் வை.யினுடையதைப் போட்டேன். போன் தேதியை ஜூலைக்கு மாற்றினேன். முப்பது இல்லை, முப்பத்தொன்று இல்லை. எண்களின் தலை மட்டும் துளி தெரிகிறது. என்னுடையதைப் போட்டேன். எல்லாம் வந்தது.

நாளைக்கு என்ன புடவை என்று யோசித்தபடி நடந்தேன். நீலம்.

ஜூன் 21, புதன்

நீலப் புடவை. மழை, ஓரமெல்லாம் சேறு.

டெமோ. வை. காட்டினான். சார் கேட்டார், அவன் சொன்னான். ஜூன் மாதம் அழகாக ஐந்து வரிசை. கடைசியில் நான் பேசுவதாக இருந்தேன். தொண்டையைக் கூடச் செருமிவிட்டேன். அதற்குள் சார் எழுந்து, வைத்திதான் துபாய் என்று சொல்லிவிட்டார். கஸ்டமரிடம் இங்கிலீஷில் பேச வேண்டுமாம். ராணி இங்கே பேஸ் மாதிரி என்றார். பேஸ் என்றால் அடித்தளம். எல்லாரும் மேலே நிற்க.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்புறம் சொல்லவில்லை. இனி எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் அவன் திருத்திக்கொண்டு இன்னும் நல்ல புரோகிராமாகக் கொண்டு போவான். என் ஆறு வரி அவனோடு ப்ளேன் ஏறும், நான் இங்கே சுக்குக்கு மேலே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பேன்.

ஜூலை வரட்டும்.

ஜூன் 22, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, "நான் வேணா உங்க சாரைப் பாத்துப் பேசட்டா மோளே?" என்றார். கார்ப்பரேஷனில் மேஸ்திரியிடம் போய் நிற்கிற மாதிரி நிற்கப் போகிறார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவர் லைனில் எத்தனை வீட்டில் இதைத் திருத்திச் சொல்ல வேண்டுமோ.

மாரியம்மக்கா பவுடர் காகிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. என் பர்ஸில்தான் இருக்கிறது.

ஜூன் 23, வெள்ளி

இதை எழுத வேண்டும். எழுதிவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ள முடியாது.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு வை. நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. இது உங்களோட பயணம்னு எனக்குத் தெரியும், சார்கிட்ட ரெண்டு தரம் சொன்னேன், கேக்கலை என்றான். பிறகு:

"ராணிக்கா, நிஜமா சொல்லுங்கோ. உங்களைப் போல இத்தனை போன் நான் கண்டதில்லை. என் புரோகிராம்ல நான் எதாவது விட்டிருக்கேனா?"

நேராகக் கேட்டான். போனிடம் கேட்கிற மாதிரி இரண்டே வரி.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"ஒறப்பாவா? நிச்சயமா?"

"ஒறப்பா."

பெருமூச்சு விட்டான். நிம்மதியாகிவிட்டது அவனுக்கு. டப்பாவில் மிச்சமிருந்த உப்பேரியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அவன் அம்மா எனக்கென்றே அதிகமாக வைத்தாளாம்.

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதற்கும் பொறாமை.

ஜூன் 26, திங்கள்

தலைவலி. மழை இல்லை, புழுக்கம்.

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எழுந்தேன். ஒரு முறை அவன் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். ஒரு முறை சார் அவன் தோளில் கை போட்டிருந்தார். மூன்றாவது முறை ஒரு தடையும் இல்லை, அவன் சும்மாதான் இருந்தான். பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன்.

இன்னொரு கஷ்டம். வெள்ளிக்கிழமை எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு இன்று எப்படிச் சொல்வது? இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று சொல்லலாம். பொய்யை மூட இன்னொரு பொய்.

ஷீபா அவனுக்கு அட்டையில் விமானம் வரைந்து கொடுத்தாள். எல்லாரும் கையெழுத்து. நான் மலையாளத்தில் 'யாத்ரா மங்களங்கள்' என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக விழுந்தது.

ஜூன் 28, புதன்

காலை ஏழு மணி ப்ளேனில் வை. போயிருப்பான். ஆபீஸில் அவன் நாற்காலி காலி. ஒருத்தன் போனால் இடம் பெரிதாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

சாயங்காலம் அவனிடமிருந்து இங்கிலீஷ் மெயில். சேர்ந்தாச்சு, வெயில் கொல்லறது, கஸ்டமர் ஆபீஸ் பதினெட்டாம் மாடி. எல்லாருக்கும் பொதுவாக எழுதி, கடைசி வரியில் ராணிக்காவுக்கு என்ன வேணும் என்று கேட்டிருக்கிறான். மாரியம்மக்கா பவுடர் நினைவுக்கு வந்தது. ஒன்றும் வேண்டாம் என்று பதில்.

பதினெட்டாம் மாடி. நான் ஏறின அதிகபட்ச மாடி நாலு, அது ஆஸ்பத்திரி.

ஜூன் 30, வெள்ளி

துபாயில் இன்று லீவு. நாளை சனிக்கிழமை அவர்கள் வேலை நாள். நாளை கஸ்டமர் தன் கடை ஆட்கள் இருநூறு பேர் போனில் காலண்டரைப் போடுகிறார்.

ஐந்து மணிக்கு வை.க்கு இங்கிலீஷில் மெயில் எழுதினேன். 'வைத்தி, ஒரு போனில் உயரம் மாறுகிறது, இணைத்த ஃபைலைப் போடு.' இவ்வளவுதான். அனுப்பு பட்டன் மேல் அம்பு நின்றது. என்ன நினைத்தேன் என்று உள்ளபடி எழுதுகிறேன். அவன் முகம் ஒரே ஒரு தடவை சிறுத்துப் போவதை, பார்க்க முடியாவிட்டாலும், கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு தடவை. அப்புறம் நானே காப்பாற்றுவேன்.

மெயிலை அழித்தேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். போகிற வழியில் மீன் வாங்கினேன், அயலை.

ஜூலை 1, சனி

பதினொன்றரைக்கு வந்தது.

சார் அறையிலிருந்து கத்தல். கஸ்டமரே பேசுகிறார். மாதம் இருபத்தொன்பதோடு முடிகிற காலண்டர் யாருக்கு வேண்டும் என்கிறாராம். கடை ஆட்களில் எழுபது எண்பது பேருக்கு முப்பது, முப்பத்தொன்று இல்லை. சம்பள நாள் காணோம் என்று அவர்கள் சிரிக்கிறார்களாம். சார் வெளியே வந்தார், முகம் சுண்ணாம்பு. வைத்தி லைனில் இருக்கிறான், ஒன்றும் புரியவில்லை என்கிறான், ராணி, எதாவது செய் என்றார்.

இந்தக் காட்சியைப் பத்து நாளாக மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி நடந்தது. என்ன போன் என்று கேட்டேன். வெள்ளி நிற மடக்கு போன் என்றார். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தேன். உயரத்தைக் கேட்கிற நேரம் தப்பு சார், மெனு வருவதற்கு முன்னால் கேட்கிறது என்றேன். சரி செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்றார். பத்து நிமிஷம் என்றேன்.

மேஜைக்கு வந்து எட்டு நிமிஷம் சும்மா கீபோர்டைத் தட்டினேன். வெறும் காலி ஃபைலில். பிறகு என் ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் கஸ்டமர் போன் செய்தார், போட்டுப் பார்த்த போனிலெல்லாம் சரியாகிவிட்டது. சார் கை தட்டினார். ஷீபா கட்டிப் பிடித்தாள். பழம்பொரி வந்தது. நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வைத்திக்கு அனுபவம் போதாது, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சார் எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

மூன்று மணிக்கு என் மேஜை போன் அடித்தது. வை. குரல் சோர்ந்திருந்தது. நன்றி சொன்னான். கஸ்டமர் ரொம்பத் திட்டினாரா என்று கேட்டேன். அது போட்டும் என்றான்.

"ராணிக்கா, ஜிப்பைத் திறந்து பாத்தேன். ஃபைல்ல ஜூன் பத்தொம்பதுன்னு தேதி காட்டறது."

ஒரு ஸ்பேஸ் தட்டி சேவ் செய்திருந்தால் இன்றைய தேதி விழுந்திருக்கும். எட்டு நிமிஷம் சும்மா தட்டினேனே, அந்த ஃபைலில் ஒரு தட்டு தட்டியிருக்கலாம்.

பத்தொன்பது. அதற்கு நாலு நாள் கழித்து அவன் என்னிடம் கேட்டான். அவனுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

"உங்க மெஷின்ல தேதி தப்பா இருக்கோ?" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை. வழி விட்டு ஓரமாக நிற்கிற குரல்.

"ஆமா, தப்பா இருக்கு" என்றேன்.

"செரி, மாத்தி வெச்சுக்கோங்கோ" என்றான். வைத்துவிட்டான்.

மெஷின் தேதியைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 2, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை.

ஜூலை 3, திங்கள்

சார் என்னைக் கூப்பிட்டு வை.யின் மெயிலைப் படித்துக் காட்டினார். கஸ்டமருக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறான். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எழுதியிருக்கிறான். ராணியின் அறுபத்தொரு போன் டேபிளைத் தான் எடுத்திருக்கக் கூடாது, அதை டெஸ்ட் லிஸ்டாகத் திரும்ப வைக்க வேண்டும். செப்டம்பரில் அடுத்த கட்ட வேலைக்கு ராணியைத்தான் அனுப்ப வேண்டும், தனக்கு இந்தப் போன்கள் பிடிபடவில்லை. கஸ்டமரும் சரி என்று பதில் போட்டிருக்கிறார். பத்தொன்பது பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு முறை வாங்கிப் படித்தேன், இல்லை.

பாஸ்போர்ட் கையில் இருக்கிறதல்லவா என்று சார் கேட்டார். இருக்கிறது என்றேன்.

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு முதல் மெயிலாகச் சாருக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு நன்றாகத் தெரியும். கீபோர்டு, இங்கிலீஷ், பதினெட்டாம் மாடி எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம். இதைத்தான் தாங்க முடியவில்லை, அவனால் இப்படி இருக்க முடிகிறது என்பதை.

வை. புரட்டிய அந்தப் போன் நோட்டில் அறுபத்திரண்டாவது போனை ஏற்றினேன். 128, 144. கண்ட தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஜூன் 18 என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்று, இன்றைக்கு ஆபீஸில் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.